சிறிய ஊர் நூலகத்தில் உதவித் தகவல் மேசை: தொடங்குவது முதல் தொடர்ந்து நடத்துவது வரை

நூலகத்துக்கு வருபவர்கள் எல்லோரும் புத்தகம் தேடி வருவதில்லை. ஓய்வூதியம் இரண்டு மாதமாக வரவில்லை, யாரிடம் போய்க் கேட்பது? குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, எங்கே பரிசோதிப்பார்கள்? வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது, என்ன பதில் எழுதுவது? சிறிய ஊரில் இந்தக் கேள்விகள் நூலகரின் மேசைக்கு வந்து சேர்வதற்குக் காரணம் உண்டு. உள்ளே வரக் கட்டணம் இல்லை, எதற்கு வந்தீர்கள் என்று வாசலில் யாரும் விசாரிப்பதில்லை, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போகச் சொல்வதில்லை. இப்படி மூன்றும் சேர்ந்த இடம் ஊரில் வேறு எத்தனை இருக்கிறது?

இந்தக் கேள்விகளோடு வருபவர்களை உதவி கிடைக்கும் இடத்துக்கு வழிகாட்டி அனுப்புவது நூலகத்தின் வேலைக்கு வெளியே உள்ளதும் அல்ல. 1994-ல் வெளியான யுனெஸ்கோ பொது நூலக அறிக்கை, மக்களுக்கு எல்லா வகையான சமூகத் தகவலும் கிடைக்கச் செய்வதைப் பொது நூலகத்தின் முக்கியப் பணிகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. ஒரு நூலகரும் இரண்டு மூன்று தன்னார்வலர்களும் மட்டுமே இருக்கும் நூலகத்தில்கூட இதைச் செய்ய முடியும். பெரிய அறையோ தனி நிதியோ வேண்டாம். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: தவறான போன் நம்பர் தருவது, நம்பரே தராமல் இருப்பதைவிட மோசம். ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, நாம் எழுதிக் கொடுத்த முகவரிக்குப் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், அடுத்த முறை எங்கேயும் உதவி கேட்க மாட்டார். கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் அந்த ஒரு பயணம் வீணாகாமல் இருப்பதற்காகத்தான்.

முதல் நான்கு வாரம்: கேள்விகளை எழுதி வையுங்கள்

உதவி கிடைக்கும் இடங்களின் பட்டியலைத் தயாரிப்பதில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு நோட்டு வாங்கி கவுன்டரில் பேனாவோடு வைத்துவிடுங்கள். பக்கத்துக்கு நான்கு கட்டம் போதும்: தேதியும் நேரமும், கேட்ட கேள்வி, நாம் சொன்ன பதில், பதில் தெரியவில்லை என்றால் ஒரு வட்டம். கேள்வியைக் கேட்டவரின் சொல்லிலேயே எழுத வேண்டும். "மாமியாருக்கு ராத்திரி தூக்கமே இல்லை, தனியா சமாளிக்க முடியல" என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். "முதியோர் பராமரிப்பு" என்று சுருக்கி எழுதினால் பாதி விஷயம் போய்விடும். பெயர், தெரு, போன் நம்பர் எதையும் எழுத வேண்டாம். சிறிய ஊரில் நோட்டைப் புரட்டுகிறவருக்குத் தெருப் பெயர் ஒன்றே போதும், யார் என்று தெரிந்துவிடும்.

நான்கு வாரம் முழுதாக எழுத வேண்டும். மாதத் தொடக்கத்தில் வாடகை, ஓய்வூதியம் பற்றிய கேள்விகள் வரும். கடைசி வாரத்தில் கடன், மின் கட்டணம், சாப்பாட்டுக்கே வழியில்லாத நிலை. ஒரு வாரம் மட்டும் எழுதினால் இதில் பாதி கண்ணிலேயே படாது. மாத முடிவில் வட்டம் போட்ட கேள்விகளைத் தனியாக எண்ணுங்கள். உங்கள் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எத்தனை பதிவு வைத்துக்கொள்ளலாம்

ஆர்வத்தில் முந்நூறு இடங்களைக் கோப்பில் சேர்த்துவிடுவார்கள். ஆறே மாதத்தில் அந்தக் கோப்பு செத்துவிடும். கணக்கு எளிது. ஒரு பதிவை, அதாவது ஓர் இடத்தைப் பற்றிய விவரத்தை, வருடத்துக்கு இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். போன் எடுக்கும்வரை காத்திருந்து, பேசி, திருத்தி எழுத எட்டு நிமிடம் என்று வையுங்கள். 60 பதிவு என்றால் வருடத்துக்கு 120 அழைப்பு, மாதத்துக்கு 10, அதாவது மாதம் 80 நிமிடம். ஒரு தன்னார்வலர் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவார். அதே கணக்கில் 300 பதிவுக்கு மாதம் 400 நிமிடம், ஆறரை மணி நேரத்துக்கும் மேல். சிறிய நூலகத்தில் யாருக்கும் அந்த நேரம் கிடைக்காது. எனவே 40-ல் ஆரம்பித்து 60-ல் நிறுத்திக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்று சேர்க்க வேண்டுமென்றால், ஒரு வருடமாக யாரும் கேட்காத ஒன்றை எடுத்துவிடுங்கள்.

பக்கத்துப் பெரிய நகரத்திலோ உங்கள் மாநிலத்திலோ ஒருங்கிணைந்த உதவி எண் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1997-ல் அட்லாண்டா நகரில் தொடங்கிய 211 என்ற எண் அப்படிப்பட்டது; அழைத்துத் தேவையைச் சொன்னால், பொருத்தமான உள்ளூர் அமைப்புக்கு வழிகாட்டுவார்கள். அப்படி ஒன்று இருந்தால் அவர்களுடைய பட்டியலை நகலெடுத்து வைக்காதீர்கள். அதைப் புதுப்பித்து வைக்க அவர்களுக்கு ஆள் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அந்தப் பட்டியலில் வராத சின்ன விஷயங்களே உங்கள் பங்கு: வாரத்தில் ஒரு நாள் மட்டும் வரும் கண் மருத்துவர், சக்கர நாற்காலி இரவல் தரும் சங்கம், பதினைந்து பேர் கூடும் குடிநோயாளிகள் குழு.

ஒரு பதிவில் என்ன இருக்க வேண்டும்

பெரும்பாலான பட்டியல்களில் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு போகிறவர் வாசல்வரை போய்விடுவார், வேலை நடக்காது. ஒரு முழுமையான அட்டை எப்படி இருக்கும் என்பதற்கு இலவச சட்ட உதவியை மாதிரியாக எடுத்துக்கொள்வோம்.

தேவை: வீடு, வேலை, குடும்பம் தொடர்பான சட்டச் சிக்கல்.
பெயர்: பலகையில் உள்ள பெயர், அடியில், மக்கள் வழக்கமாகச் சொல்லும் பெயர்.
செய்வது: நோட்டீஸைப் படித்து விளக்குவார்கள், பதில் எழுதித் தருவார்கள்.
செய்யாதது: குற்ற வழக்கு எடுப்பதில்லை.
யாருக்கு: வருமான வரம்பு உண்டு, பெண்களுக்கு வரம்பு இல்லை.
நேரம்: செவ்வாய், வியாழன் 10 முதல் 1 வரை. டோக்கன் 11 மணியோடு முடிந்துவிடும்.
கையில் இருக்க வேண்டியது: நோட்டீஸ் அசல், இரண்டு நகல், அடையாள அட்டை, வாடகை கட்டியதற்கு ஏதாவது அத்தாட்சி.
கட்டணம்: இல்லை. நகல் செலவு நம்முடையது.
போகும் வழி: பின்பக்க வாசல், முதல் மாடி, லிப்ட் இல்லை. ஏற முடியாதவர்கள் முன்கூட்டியே போன் செய்தால் கீழே வந்து பார்ப்பார்கள்.
சரிபார்த்த தேதி, சரிபார்த்தவரின் முதலெழுத்து, அந்தப் பக்கம் பேசியவரின் பதவி.

"செய்யாதது", "டோக்கன் 11 மணியோடு முடிந்துவிடும்", "லிப்ட் இல்லை": இந்த மூன்று வரிகள்தான் ஒருவரின் ஒரு நாளைக் காப்பாற்றுகின்றன. இவை எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இருக்காது. கேட்டு வாங்க வேண்டும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "நீங்கள் என்னென்ன சேவை செய்கிறீர்கள்?" என்று போனில் கேட்டால் மறுமுனையில் இருப்பவர் பிரசுரத்தையே வாசித்துக் காட்டுவார். அதற்குப் பதிலாக, "நாளைக் காலையில் ஒருவரை அனுப்பினால் அவர் முதலில் யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். அடுத்து, "போன மாதம் வந்தவர்களில் யாரையாவது திருப்பி அனுப்ப வேண்டியிருந்ததா, எதனால்?" இந்தக் கேள்விக்கு வரும் பதிலில் இல்லாத தாள், கடந்துபோன தேதி, தவறான அலுவலகம் என்று உண்மையான தடைகள் எல்லாம் வெளியே வரும். அடிக்கடி கேட்கப்படும் முதல் பத்து இடங்களுக்கு யாராவது ஒருமுறை நேரில் போய் வருவது நல்லது. வாசல் எந்தப் பக்கம், உட்கார நிழல் இருக்கிறதா, பலகை கண்ணுக்குத் தெரிகிறதா என்பதெல்லாம் போனில் தெரியாது.

கோப்பை எப்படி வைப்பது

கணினியில் ஓர் எக்செல் அட்டவணை, கவுன்டரில் ஒரு வளையக் கோப்பு. இரண்டும் வேண்டும். மின்சாரம் போனாலும் கோப்பு திறக்கும். அட்டவணையில் சரிபார்த்த தேதியை வைத்து வரிசைப்படுத்தினால் பழையது தானாக மேலே வந்து நிற்கும். தாள்களை லேமினேட் செய்யாதீர்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் திருத்த முடியாது. திருத்த முடியாத தாளை யாரும் திருத்த மாட்டார்கள். நேரமும் போன் நம்பரும் பென்சிலில் இருக்கட்டும்.

கோப்பின் தலைப்புகளை அலுவலகங்களின் பெயரில் வைக்காமல் தேவையின் பெயரில் வையுங்கள். "சமூக நலத்துறை" என்ற தலைப்பைத் தேடி யாரும் வருவதில்லை. "வேலை போய்விட்டது", "வீட்டில் பாதுகாப்பு இல்லை", "வயதானவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்", "குழந்தை பேசவில்லை", "கடனைக் கட்ட முடியவில்லை" என்று வையுங்கள். நோட்டில் நான்கு வாரம் எழுதிய சொற்கள் இங்கேதான் கைகொடுக்கும். ஓர் இடம் மூன்று தேவைக்குப் பொருந்துமானால் மூன்று தலைப்பிலும் அதன் நகலைச் செருகலாம். ஆனால் அட்டவணையில் ஒரே வரி, அதில் மூன்று குறிச்சொல். இல்லாவிட்டால் ஒன்றைத் திருத்திவிட்டு மற்ற இரண்டை மறந்துவிடுவீர்கள்.

மேசையில் பேசும் விதம்

முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் உண்மையான கேள்வியாக இருக்காது. வாசகரின் தேவை அவர் மனதில் தெளிவில்லாமல் தோன்றுவதிலிருந்து நூலகரிடம் வாய்விட்டுக் கேட்பதுவரை நான்கு நிலைகளைக் கடந்து வருகிறது என்று நூலகவியல் அறிஞர் ராபர்ட் டெய்லர் 1968-லேயே எழுதினார். நூலகத்தில் எது கிடைக்கும் என்று தானே ஊகித்துக்கொண்டு, அதற்கேற்பக் கேள்வியை மாற்றிக் கேட்கிறார் வாசகர். இப்படி:

"சட்டப் புத்தகமெல்லாம் எந்தப் பக்கம் இருக்கு?"

"இருக்குங்க, காட்டுறேன். எந்த விஷயம்னு சொன்னீங்கன்னா சரியானதா எடுத்துத் தரலாம்."

"வாடகை சம்பந்தமா."

"சரிங்க. இப்போ விஷயம் எந்த அளவுல இருக்கு?"

"நோட்டீஸ் வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கொடுக்கணுமாம்."

இப்போது தெரிகிறது, அவருக்குத் தேவை புத்தகம் இல்லை. வெள்ளிக்கு முந்தைய வியாழன் காலை பதினோரு மணிக்குள் ஒரு டோக்கன். இரண்டே கேள்வியில் வந்துவிட்டது. இங்கே "ஏன் வேணும்?" என்ற சொல் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். "ஏன்" என்று கேட்டால் விசாரணை போல ஒலிக்கும், ஆள் சுருங்கிவிடுவார். ஆய்வாளர்கள் பிரெண்டா டெர்வின், பாட்ரிசியா டியூட்னி இருவரும் 1986-ல் முன்வைத்த நடுநிலைக் கேள்வி முறையில் மூன்று விஷயம்தான்: இப்போது நிலைமை என்ன, எந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கிறது, உதவி கிடைத்தால் அதை வைத்து என்ன செய்யப் பார்க்கிறீர்கள். இந்த மூன்றையும் உங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றிப் பழகிக்கொள்ளுங்கள்.

குரலைத் தாழ்த்துங்கள். பின்னால் இருவர் வரிசையில் நிற்கும்போது கடன் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அலமாரிப் பக்கம் ஒரு சின்ன மேசையில் இரண்டு நாற்காலி, எதிரெதிராக இல்லாமல் மேசையின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் போட்டால், கோப்பை இருவரும் சேர்ந்து பார்க்கலாம். "வாங்க, அங்க உட்கார்ந்து தேடலாம்" என்றால் போதும், வேறு யாருக்கும் எதுவும் தெரியாது.

வழியனுப்புதல்

போன் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவது பாதி வேலை. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்கிறது. அந்த விதி மிகப் பொருந்துவது இந்த இடத்தில்தான். அவர் சம்மதித்தால், அவர் முன்னாலேயே நூலகத்துப் போனில் அந்த அலுவலகத்தை அழையுங்கள். "ஒருவர் வருகிறார், நோட்டீஸ் கையில் இருக்கிறது, இன்று பார்ப்பீர்களா?" என்று கேட்டு, பிறகு போனை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அவருடைய கதையை நீங்கள் சொல்லக் கூடாது. எவ்வளவு சொல்வது என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

கையில் ஒரு சீட்டு: இடம், வாசல், நேரம், கொண்டுபோக வேண்டியவை. ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு மேல் எழுதாதீர்கள். ஏழு இடங்களின் பட்டியலோடு போகிறவர் ஒன்றுக்கும் போகமாட்டார். எழுதப் படிக்கத் தயங்குகிறவர் என்றால் சீட்டோடு வாய்மொழியாகவும் இரண்டு முறை சொல்லி, அவரையே திரும்பச் சொல்லச் செய்யுங்கள். கடைசியாக, "சரிவரலைன்னா திரும்ப இங்கயே வாங்க" என்று கட்டாயம் சொல்ல வேண்டும். திரும்பி வருகிறவர் சொல்வதைக்கொண்டு உடனே கோப்பைத் திருத்தலாம். அதைவிட நம்பகமான சரிபார்ப்பு கிடையாது.

படிவமும் கணினியும்

தவறு அதிகம் நடப்பது இங்கே. ஆன்லைன் படிவம் நிரப்ப உதவும்போது, விசைப்பலகை வாசகர் பக்கமே இருக்கட்டும். கடவுச்சொல்லை நீங்கள் தட்டச்சு செய்யாதீர்கள்; ஓடிபி எண்ணை வாய்விட்டுச் சொல்ல விடாதீர்கள். தட்டச்சு தெரியாதவருக்கு நீங்களே நிரப்ப வேண்டிய நிலை வந்தால், ஒவ்வொரு வரியையும் உரக்க இல்லாமல் அவருக்கு மட்டும் கேட்கும்படி படித்துக் காட்டி, சமர்ப்பிக்கும் பொத்தானை அவரையே அழுத்தச் செய்யுங்கள். பிறகு ஏதாவது பிழை வந்தால் "நூலகத்தில்தான் தப்பாகப் போட்டுவிட்டார்கள்" என்ற வருத்தம் இருபக்கமும் வராது.

ஒவ்வொருவர் எழுந்த பிறகும் நான்கு இடத்தைப் பாருங்கள்: மின்னஞ்சலிலிருந்து வெளியேறினாரா, டவுன்லோடு கோப்புறையில் அடையாள அட்டையின் நகல் கிடக்கிறதா, ஸ்கேனர் கண்ணாடி மேல் அசல் ஆவணம் இருக்கிறதா, பிரின்டர் தட்டில் தாள் விட்டுப்போயிருக்கிறதா. ஸ்கேனர் மூடிக்குள் மறந்துவிடும் அசல் சான்றிதழ்கள் அடிக்கடி நடக்கும் விபத்து. "அசலை எடுத்தீர்களா?" என்று பெரிய எழுத்தில் மூடி மேலேயே ஒட்டிவிடுங்கள். கோப்பின் அளவு அதிகம் என்று இணையதளம் மறுத்தால், ஸ்கேன் தெளிவை 300 டிபிஐ-லிருந்து 150-ஆகக் குறைத்து, வண்ணத்தை விட்டுச் சாம்பல் நிறத்தில் (கிரேஸ்கேல்) எடுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். விண்ணப்ப எண் வந்ததும் அதை ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். திரையைப் படமெடுத்ததை மட்டும் நம்பாதீர்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

நூலகம் தருவது தகவல், ஆலோசனை இல்லை. இந்தக் கோட்டை நல்ல மனம் படைத்தவர்கள்தான் அதிகம் தாண்டுகிறார்கள். "இந்த மாத்திரைக்கு என்னென்ன பக்கவிளைவு என்று இந்தப் புத்தகத்தில் இருக்கிறது" என்பது தகவல். "அப்படின்னா நிறுத்திடுங்க" என்பது ஆலோசனை, அது மருத்துவரின் வேலை. "பதில் தரக் கடைசி நாள் என்று நோட்டீஸில் போட்டிருப்பது இந்தத் தேதி" என்று படித்துக் காட்டலாம். "நீங்கதான் ஜெயிப்பீங்க" என்று சொல்லக் கூடாது. பணம் கடன் கொடுப்பது, சாட்சிக் கையெழுத்துப் போடுவது, சொந்த போன் நம்பரைக் கொடுப்பது மூன்றும் வேண்டாம் என்று தன்னார்வலர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தரும் இடைத்தரகர்களையும், நன்கொடை எதிர்பார்க்கும் அமைப்புகளையும் கோப்பில் சேர்க்காதீர்கள். தெரிந்தவர் நடத்துகிறார் என்பதற்காகச் சேர்த்த ஒரு பதிவு, மற்ற 59 மீதான நம்பிக்கையையும் கெடுத்துவிடும்.

மனமுடைந்து வருபவர், ஆபத்தில் இருப்பவர்

இதற்கான பக்கம் கோப்பின் முதல் பக்கமாக இருக்க வேண்டும்: அவசர எண், தற்கொலைத் தடுப்பு உதவி எண், பெண்கள் உதவி எண், குழந்தைகள் உதவி எண், மிக அருகில் இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை. இந்த எண்களை மட்டும் மாதாமாதம் சரிபாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று செயல்களைச் சொல்கிறது: பார், கேள், இணை. சூழ்நிலை பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது. சொல்ல வற்புறுத்தாமல், குறுக்கிடாமல் கேட்பது. சரியான உதவியோடு இணைப்பது. அழுகிறவரிடம் "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்ல வேண்டாம், சரியாகாமலும் போகலாம். தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வந்தால், அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பேச ஒரு வழி திறக்கும். உதவி வந்து சேரும்வரை அவரைத் தனியாக விடாதீர்கள்.

வீட்டில் அடி வாங்குகிறவர் கவுன்டருக்கே வராமல் போகலாம். கழிப்பறைக் கதவின் உட்பக்கம், விரல் நீளமுள்ள, கிழித்து எடுக்கும் சீட்டுகளை ஒட்டி வையுங்கள். சீட்டில் நம்பர் மட்டும் இருக்கட்டும், "வன்முறை" என்ற சொல்லும் நூலகத்தின் பெயரும் வேண்டாம். பையில் கிடைத்தால் கேள்வி வராமல் இருக்க வேண்டும் அல்லவா. நூலகக் கணினியில் ஒவ்வொருவர் முடித்ததும் உலாவியின் வரலாறு தானாக அழியும்படி அமைத்துவிடுங்கள்.

உதவுபவர்களையே வரவழைப்பது

சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009-ல் முழுநேரச் சமூகப் பணியாளர் ஒருவரையே நியமித்தது. சிறிய ஊருக்கு அது எட்டாது. மாதம் ஒரு நாள், இரண்டு மணி நேரம் எட்டும். ஒரு வழக்கறிஞர், ஒரு செவிலியர், ஓர் ஓய்வூதிய அலுவலர் என்று ஒருவரை மட்டும் முதலில் பிடியுங்கள். தேதி மாறாமல் இருப்பது முக்கியம்: "இரண்டாவது புதன், மூன்று மணி" என்றால் வருடம் முழுக்க அதேதான். ஒருவருக்கு 20 நிமிடம், ஆறு டோக்கன். அன்று வரவேண்டியவர் வராமல் போவது நிச்சயம் ஒருமுறை நடக்கும். முந்தைய நாள் மத்தியானமே போன் செய்து உறுதிப்படுத்தி, இல்லையென்றால் மாலைக்குள் வாசலில் எழுதிவிட்டு, டோக்கன் வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். இதற்கு மட்டும் அவர்கள் சம்மதத்தோடு போன் நம்பர் வாங்கி, அன்று மாலையே அந்தத் தாளைக் கிழித்துவிடலாம். கூட்டம் சேரவில்லை என்று இரண்டாவது மாதமே நிறுத்திவிடாதீர்கள். செய்தி வாய்வழியாகப் பரவ மூன்று நான்கு முறை ஆகும்.

ஆள் மாறும்போது

நூலகர் மாற்றலாகிப் போவார், தன்னார்வலர் ஊரை விட்டுப் போவார். கோப்பின் கடைசிப் பக்கத்தில் இவற்றை எழுதி வையுங்கள்: அட்டவணை எந்தக் கணினியில், எந்தப் பெயரில் இருக்கிறது, ஒவ்வோர் அலுவலகத்திலும் போன் எடுத்துப் பொறுமையாகப் பதில் சொல்கிறவர் எந்தப் பொறுப்பில் இருக்கிறார், எந்த இடம் சொன்ன நேரத்துக்குத் திறப்பதில்லை, சரிபார்க்கும் பத்து அழைப்புகளை மாதத்தின் எந்த நாளில் செய்வது வழக்கம். புதியவர் வந்த முதல் வாரத்தில் பழையவரோடு சேர்ந்து அந்தப் பத்து அழைப்புகளையும் செய்யட்டும், ஐந்தை இவர் பேச, ஐந்தை அவர் பேச. பழையவர் ஏற்கெனவே போய்விட்டாரென்றால், புதியவர் கோப்பைத் திறந்து சரிபார்த்த தேதி ஆறு மாதம் தாண்டிய தாள்களையெல்லாம் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதமுள்ளவற்றோடு மேசையைத் திறக்க வேண்டும். எடுத்து வைத்தவற்றை ஒவ்வொன்றாகப் போன் செய்து உறுதியான பிறகே திரும்பச் செருகலாம்.